வலைப்பூவைத் தொடங்கும்போதே வரைபடமும் போடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் மெயில் அனுப்பவும் படம் பார்க்கவும் பழகிய பின்னர், அடுத்ததாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நானும் இன்டர்நெட்டில் எழுத முடியுமா?" என்பதுதான் அது. தாராளமாக முடியும். பணம் கட்ட வேண்டாம். புரோகிராமிங் தெரிய வேண்டாம். பத்து நிமிடத்தில் உங்களுக்கென ஒரு வலைப்பூ, அதாவது பிளாக், தயாராகிவிடும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் கவனிக்காமல் விடும் சில விஷயங்கள், ஓராண்டு கழித்து உங்கள் எழுத்தை நீங்களே தேடிப் பிடிக்க முடியாதபடி செய்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஒருவர் தம் வீட்டு மாடியில் தோட்டம் போட்டிருக்கிறார். அந்த அனுபவத்தை வலைப்பூவில் எழுதத் தொடங்குகிறார். முதல் பதிவு, செடிப் பையில் போட வேண்டிய மண் கலவை பற்றியது. செம்மண் எவ்வளவு, தேங்காய் நார்க் கழிவு எவ்வளவு, மண்புழு உரம் எவ்வளவு என்று அளந்து எழுதியிருக்கிறார். பிறகு தக்காளி, கத்தரி, கீரை, மாவுப் பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் என்று நாற்பது பதிவுகள் ஆகிவிட்டன. இப்போது ஒரு புதிய வாசகர் வருகிறார். அவருக்கு முதலில் வேண்டியது மண் கலவைதான். ஆனால் அவர் கண்ணில் படுவது நேற்று எழுதிய பதிவு. வலைப்பூவில் புதியது எப்போதும் மேலே நிற்கும். பழையது கீழே தள்ளப்படும். பக்கத்தின் அடியில் "ஓல்டர் போஸ்ட்ஸ்" என்று இருப்பதை ஐந்தாறு முறை கிளிக் செய்து செல்லும் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும்? மண் கலவைப் பதிவு இருக்கிறது. ஆனால் இல்லாதது போலத்தான்.

இதற்கான தீர்வுதான் சைட்மேப். நம் தளத்தில் என்னென்ன பக்கங்கள் எங்கெங்கே உள்ளன என்று காட்டும் வரைபடம். அதை எப்படி அமைப்பது என்று பார்ப்பதற்கு முன்னர் வலைப்பூவைத் தொடங்கிவிடுவோம். தொடக்கத்தில் செய்யும் சில வேலைகள் சரியாக இருந்தால்தான் வரைபடமும் சரியாக அமையும்.

முகவரியில் அவசரம் வேண்டாம்

இங்கு பிளாக்கர் என்னும் சேவையை எடுத்துக் கொள்வோம். பைரா லேப்ஸ் என்ற சிறிய அமெரிக்க நிறுவனம் 1999ல் இதனைத் தொடங்கியது. 2003ல் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது. அதனால் ஜிமெயிலுக்கு நீங்கள் தரும் அதே யூசர் நேமும் பாஸ்வேர்டும் இங்கும் செல்லும். வேர்ட்பிரஸ் என்ற இன்னொரு சேவையும் புகழ் பெற்றது. வசதிகள் அதில் அதிகம். ஆனால் வேர்ட்பிரஸ் டாட் காம் தளத்தின் இலவசத் திட்டத்தில் உங்கள் பக்கத்தில் அவர்களுடைய விளம்பரங்கள் வரும். புதிதாகத் தொடங்குபவருக்கு பிளாக்கர் போதும் என்பது என் கருத்து.

பிரவுசரைத் திறந்து, முகவரிக் கட்டத்தில் ஆங்கிலத்தில் பிளாக்கர் டாட் காம் என டைப் செய்து என்டர் தட்டுங்கள். "கிரியேட் யுவர் பிளாக்" என்ற பட்டனைக் கிளிக் செய்திடுங்கள். உங்கள் கூகுள் அக்கவுண்ட் தமிழில் அமைக்கப்பட்டிருந்தால், இங்கு சொல்லும் மெனுப் பெயர்கள் உங்களுக்குத் தமிழில் தெரியலாம். இடம் மாறாது, பயப்பட வேண்டாம்.

முதலில் டைட்டில் கேட்கப்படும். இது வலைப்பூவின் நெற்றியில் தெரியும் பெயர். தமிழிலேயே கொடுக்கலாம். பிடிக்கவில்லை என்றால் பின்னர் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக் கொள்ளலாம்.

அடுத்துக் கேட்பது முகவரி. இங்குதான் நிதானம் தேவை. இதில் ஆங்கிலச் சிறிய எழுத்துகள், எண்கள், நடுவில் ஒரு சிறு கோடு ஆகியவை மட்டுமே ஏற்கப்படும். தமிழ் எழுத்து செல்லாது. எனவே தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டிய நிலை. தகரத்திற்கு ஒருவர் ஒரு எழுத்து போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். ழகரம் வந்தாலோ கேட்கவே வேண்டாம். ஆளுக்கு ஒரு ஸ்பெல்லிங். ஆகவே பெயரைத் தொலைபேசியில் சொன்னால் மறுமுனையில் இருப்பவர் இரண்டாவது முறை கேட்காமல் எழுதிக் கொள்ளும்படியான சொல்லைத் தேர்ந்தெடுங்கள். நெடில் எழுத்துகளும் ழகரமும் குறைவாக உள்ள பெயர் நல்லது. நீங்கள் தரும் முகவரி வேறு எவரிடமாவது இருந்தால், அது கிடைக்காது என்று உடனே செய்தி வரும். வேறு பெயர் முயற்சி செய்யலாம். அதற்காகப் பின்னால் 123 என்று எண்களைச் சேர்க்காதீர்கள். யாருக்கும் நினைவில் நிற்காது.

டைட்டிலைப் போல முகவரியைப் பின்னர் மாற்றிக் கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மாற்ற வழி இருக்கிறது. ஆனால் மாற்றினால், அதுவரை மற்றவர்கள் உங்கள் பதிவுகளுக்குத் தந்த லிங்க்குகள் எல்லாம் ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டுவது போலாகிவிடும்.

இதன் விளைவு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 2012 முதல் பிளாக்ஸ்பாட் தளங்களை இந்தியாவில் இருந்து திறந்தால், முகவரியின் கடைசியில் இருந்த டாட் காம் தானாகவே டாட் இன் என மாறிவிடும். பலரும் அந்த டாட் இன் முகவரியையே காப்பி செய்து நண்பர்களுக்கு அனுப்பினார்கள். தங்கள் பதிவுகளுக்குள்ளும் ஒட்டினார்கள். 2018ல் கூகுள் இந்த முறையைக் கைவிட்டது. 2020ல் அந்த பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற பெயரே கூகுளின் கையை விட்டுப் போனது. ஒட்டி வைத்த லிங்க்குகள் எல்லாம் பயனற்றுப் போயின. பதிவுகள் டாட் காமில் பத்திரமாக இருந்தன. ஆனால் அவற்றுக்குச் செல்லும் வழி அடைபட்டுவிட்டது. பழைய தமிழ் வலைப்பூக்களில் இன்றும் இப்படிப்பட்ட லிங்க்குகளைப் பார்க்கலாம். எங்கிருந்தாவது லிங்க் எடுத்து ஒட்டும்போது டாட் காம் என்று முடிகிறதா என ஒருமுறை பார்த்துக் கொள்ளுங்கள்.

முகவரி கிடைத்தவுடன், வாசகர்களுக்குத் தெரிய வேண்டிய உங்கள் பெயரைக் கொடுத்து "பினிஷ்" கிளிக் செய்தால் வலைப்பூ தயார்.

செட்டிங்ஸ் பகுதியில் மூன்று வேலை

எழுதத் தொடங்கும் ஆர்வத்தில் பலரும் செட்டிங்ஸ் பக்கம் போவதில்லை. இடது பக்க மெனுவில் "செட்டிங்ஸ்" கிளிக் செய்தால் நீளமான பட்டியல் ஒன்று கிடைக்கும். அதில் மூன்றை மட்டும் பார்த்தால் போதும்.

"பிரைவசி" பிரிவில், தேடல் இன்ஜின்களுக்குத் தெரியலாமா என்று ஒரு சுவிட்ச் உள்ளது. இது ஆன் செய்யப்பட்டிருக்க வேண்டும். இது ஆப் ஆகி இருந்தால், பின்னால் நீங்கள் எத்தனை சைட்மேப் கொடுத்தாலும் பயன் இல்லை. அடுத்து "எச்.டி.டி.பி.எஸ். ரீடைரக்ட்" என்பதும் ஆன் நிலையில் இருக்கட்டும். மூன்றாவது, "டைம் ஸோன்". இது அமெரிக்க நேரத்தில் அமைந்திருந்தால், நீங்கள் காலை எழுதிய பதிவில் முந்தைய நாள் தேதி விழும். இந்திய நேரமான ஐந்தரை மணி நேரம் கூடுதல் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அதே பக்கத்தில் சற்றுக் கீழே "கிராலர்ஸ் அண்ட் இன்டெக்ஸிங்" என்ற பிரிவைக் காண்பீர்கள். அதில் ரோபோட்ஸ் டாட் டி.எக்ஸ்.டி. என்னும் பைலை நம் விருப்பப்படி மாற்றும் வசதி தரப்பட்டுள்ளது. இன்டர்நெட்டில் "இதை இப்படி மாற்றுங்கள், கூட்டம் குவியும்" என்று ஏகப்பட்ட டிப்ஸ் கிடைக்கும். தொடாதீர்கள். தேடல் இன்ஜின் எந்தப் பக்கத்தைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று சொல்லும் பைல் இது. ஒரே ஒரு சாய்வுக்கோட்டைத் தவறான வரியில் சேர்த்தால் முழு வலைப்பூவும் கூகுளின் பார்வையில் இருந்து மறைந்துவிடக் கூடும். பிளாக்கர் தானாக அமைத்துத் தரும் பைல் சரியாகவே உள்ளது. உங்கள் சைட்மேப் எங்கே இருக்கிறது என்ற தகவலும் அதில் ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது.

தமிழ்த் தலைப்பால் வரும் சிக்கல்

இப்போது "நியூ போஸ்ட்" கிளிக் செய்து எழுதலாம். டைப் செய்வதற்கு விண்டோஸில் உள்ள தமிழ் கீ போர்டைச் செட்டிங்ஸ் மூலம் சேர்த்துக் கொள்ளுங்கள். தமிழ் 99, ஒலிபெயர்ப்பு என உங்களுக்குப் பழக்கமானது எதுவானாலும் சரி. யூனிகோட் முறையில் இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்து வைத்ததை அப்படியே ஒட்டினால், மற்றவர் திரையில் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். கூகுளும் அதைத் தமிழ் என்று அறியாது.

இதைவிட முக்கியமான, பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பதிவுக்கும் பிளாக்கர் ஒரு தனி முகவரியை அமைக்கிறது. அதனை பெர்மாலிங்க் என்பார்கள். தலைப்பில் உள்ள ஆங்கிலச் சொற்களைக் கொண்டுதான் இது தயாராகும். தலைப்பு முழுவதும் தமிழில் இருந்தால் பிளாக்கருக்கு எடுத்துக் கொள்ள எழுத்து எதுவும் கிடைக்காது. எனவே ஆண்டு, மாதம் போட்டு, பின்னால் வெறுமனே "பிளாக் போஸ்ட்" என்று வைத்துவிடும். அடுத்த பதிவும் பிளாக் போஸ்ட், அதற்கடுத்ததும் பிளாக் போஸ்ட். வேறுபாட்டுக்கு ஏதோ ஓர் எண் மட்டும் ஒட்டிக் கொள்ளும். நாற்பது பதிவு எழுதி முடித்த பின்னர், முகவரியைப் பார்த்து மண் கலவை எது, மாவுப் பூச்சி எது என்று யாராலும் சொல்ல முடியாது. பொருளடக்கம் தயாரிக்கும்போது தவறான லிங்க்கை ஒட்டிவிடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இதனைத் தவிர்ப்பது எளிது. எழுதும் பக்கத்தின் வலது பக்கத்தில் "பெர்மாலிங்க்" என்று இருக்கும். அதனைக் கிளிக் செய்து "கஸ்டம்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். மாடித் தோட்ட மண் கலவை என்பதை ஆங்கில எழுத்தில், சொற்களுக்கு இடையே சிறு கோடு போட்டு, சுருக்கமாக டைப் செய்திடுங்கள். "பப்ளிஷ்" பட்டனைத் தட்டும் முன்னர் இதைச் செய்திட வேண்டும். வெளியிட்ட பதிவின் முகவரி பூட்டப்பட்டுவிடும். மீண்டும் டிராப்ட் நிலைக்குக் கொண்டு வந்து மாற்றினால், பழைய லிங்க்குடன் வருபவர்களுக்குப் பக்கம் கிடைக்காது.

இதே இடத்தில் "லேபிள்ஸ்" என்ற கட்டமும் இருக்கும். காய்கறி, உரம், பூச்சி என்று இரண்டொரு சொல் கொடுங்கள். தமிழில் தரலாம். ஒரு பதிவுக்குப் பத்து லேபிள் போடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் லேபிள் பட்டியலே இன்னொரு காடாகிவிடும்.

வரைபடம் இரண்டு வகை

சைட்மேப் என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால் புதியவர்கள் குழம்புகிறார்கள். ஒன்று, மனிதர் படிக்கும் பக்கம். புத்தகத்தின் முதலில் இருக்கும் பொருளடக்கம் போன்றது. இன்னொன்று, தேடல் இன்ஜின் படிக்கும் எக்ஸ்.எம்.எல். பைல். நாம் அதைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்த இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால், சைட்மேப் பற்றி எழுதுபவர்களில் பலர் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். என் பதில் வேறு. பிளாக்கரில் இரண்டாவது வகை தானாகவே தயாராகிவிடுகிறது. முதல் வகையை உங்களுக்காக எந்த சாப்ட்வேரும் சரியாக அமைத்துத் தராது. ஏனென்றால் எந்தப் பதிவு முதலில் படிக்க வேண்டியது என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

வலது பக்கத்தில் தெரியும் "பிளாக் ஆர்க்கைவ்" போதாதா என்று கேட்கலாம். அது ஆண்டு, மாதம் வாரியாக அடுக்குகிறது. நீங்கள் மண் கலவை பற்றி எந்த மாதத்தில் எழுதினீர்கள் என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? லேபிள் ஓரளவு உதவும். ஆனால் லேபிளைக் கிளிக் செய்து வரும் பக்கத்திலும் புதியதுதான் மேலே இருக்கும். மேலும் லேபிள் பக்கங்களின் முகவரி "சர்ச்" என்ற சொல்லுடன் தொடங்கும். அப்படித் தொடங்கும் பக்கங்களைப் படிக்க வேண்டாம் என்று, முன்பு சொன்ன அந்த ரோபோட்ஸ் பைலில் பிளாக்கரே எழுதி வைத்திருக்கிறது. எனவே வாசகருக்குப் பாதி வழி காட்டும் லேபிள், தேடல் இன்ஜினுக்கு வழியே காட்டாது.

பொருளடக்கம் தயாரிக்கும் முறை

இடது மெனுவில் "பேஜஸ்" கிளிக் செய்து "நியூ பேஜ்" பெறுங்கள். பேஜ் என்பது போஸ்ட் போல அல்ல. தேதி வரிசையில் கீழே தள்ளப்படாமல் ஒரே இடத்தில் நிலையாக இருக்கும். பொருளடக்கத்திற்கு ஏற்றது இதுதான்.

இங்கும் தமிழ்த் தலைப்புச் சிக்கல் உண்டு. பதிவுகளுக்கு இருப்பது போல பேஜுக்கு கஸ்டம் பெர்மாலிங்க் வசதி இல்லை. அதற்கு ஒரு சிறிய தந்திரம் செய்யலாம். முதலில் தலைப்பில் கன்டென்ட்ஸ் என்று ஆங்கிலத்தில் மட்டும் டைப் செய்து வெளியிட்டுவிடுங்கள். முகவரி அந்தச் சொல்லிலேயே அமைந்துவிடும். பின்னர் எடிட் செய்து தலைப்பைப் "பொருளடக்கம்" என்று தமிழில் மாற்றி அப்டேட் செய்திடுங்கள். தலைப்பு தமிழில், முகவரி ஆங்கிலத்தில்.

உள்ளே எப்படி அடுக்குவது? தேதியை மறந்துவிடுங்கள். உங்களைத் தேடி வருபவர் என்ன கேள்வியுடன் வருவார் என்று யோசியுங்கள். மாடித் தோட்ட வலைப்பூவில் முதல் பிரிவு "புதிதாகத் தொடங்குகிறீர்களா?" என்று இருக்கலாம். அதன் கீழ் மாடியின் எடை தாங்கும் திறன், செடிப் பை, மண் கலவை, நாற்று விடுதல் என்று நான்கு பதிவுகள் போதும். அடுத்த பிரிவில் ஒவ்வொரு காய்க்கும் ஒரு வரி. அடுத்து "செடி வாடுகிறதா, பூச்சியா?" என்று ஒரு பிரிவு. செடி வாடிய பதற்றத்தில் வருபவர் அங்கேதான் பார்ப்பார். வீட்டில் நடந்த கொலு, போன ஊர் பற்றிய பதிவுகளை எல்லாம் "மற்றவை" என்று கடைசியில் போடுங்கள். அல்லது போடாமல் விடுங்கள். எல்லாப் பதிவையும் பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பதிவின் தலைப்பை அப்படியே போடுவதற்குப் பதில், உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். "பச்சைப் பொன்!" என்று கீரை பற்றி நீங்கள் வைத்த தலைப்பு பதிவில் அழகாக இருக்கும். பொருளடக்கத்தில் அது யாருக்கும் புரியாது. "சிறுகீரை, அரைக்கீரை வளர்க்கும் முறை" என்று எழுதுங்கள்.

லிங்க் தருவதற்கு, அந்த வரியை மவுஸால் தேர்ந்தெடுத்து, மேலே டூல்பாரில் சங்கிலிக் கண்ணி போல இருக்கும் ஐகானைக் கிளிக் செய்திடுங்கள். இன்னொரு டேப்பில் அந்தப் பதிவைத் திறந்து, முகவரியைக் காப்பி செய்து இங்கே ஒட்டி, "அப்ளை" தட்டுங்கள். எழுதும் பக்கத்தின் முகவரியைக் காப்பி செய்துவிடாதீர்கள். அது உங்கள் லாக் இன்னில் மட்டும் திறக்கும். வாசகர் பார்ப்பது போல வலைப்பூவைத் திறந்து, அங்கிருந்து எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்த பின்னர், பிரவுசரில் கன்ட்ரோல், ஷிப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குரோமில் இன்காக்னிட்டோ விண்டோ கிடைக்கும். அதில் பொருளடக்கப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு லிங்க்காகக் கிளிக் செய்து பாருங்கள்.

பக்கம் தயாரானால் மட்டும் போதாது. கண்ணில் பட வேண்டும். "லேஅவுட்" சென்று, தலைப்பின் கீழே உள்ள இடத்தில் "ஆட் எ காட்ஜெட்" கிளிக் செய்து, "பேஜஸ்" என்ற காட்ஜெட்டைச் சேர்த்து, பொருளடக்கம் என்பதில் டிக் அடித்து சேவ் செய்திடுங்கள். இனி வலைப்பூவின் எந்தப் பக்கத்தில் நுழைந்தாலும் பொருளடக்கம் ஒரு கிளிக் தூரத்தில் இருக்கும்.

இத்தனை சிரமம் எதற்கு, ஒரு ஸ்கிரிப்டை ஒட்டினால் எல்லாப் பதிவுகளும் தானாகப் பட்டியலாகிவிடுமே என்று சிலர் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஸ்கிரிப்ட்கள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் பல, வேறு யாருடைய தளத்திலோ இருக்கும் பைலைச் சார்ந்தவை. அவர் அந்த பைலை அழித்துவிட்டால் உங்கள் பொருளடக்கம் ஒரே நாளில் வெற்றுப் பக்கமாகிவிடும். அதற்குள் அவர் வேறு ஏதாவது நுழைத்தாலும் உங்களுக்குத் தெரியாது. நூறு பதிவு வரை கையால் செய்வதே நல்லது. பதிவுக்கு ஒரு வரி, இரண்டு நிமிட வேலை.

தேடல் இன்ஜினுக்கான பைல்

கூகுள் எப்படிப் பக்கங்களைக் கண்டுபிடிக்கிறது? கூகுள்பாட் என்ற புரோகிராம் ஒரு பக்கத்தைப் படித்து, அதில் உள்ள லிங்க்குகள் வழியாக அடுத்த பக்கத்திற்குச் செல்கிறது. நீங்கள் நேற்றுத் தொடங்கிய வலைப்பூவுக்கு வெளியில் இருந்து யாரும் லிங்க் தரவில்லை. எனவே அது வந்து சேர நாளாகும். தமிழ் வலைப்பூக்களின் ஆரம்ப நாட்களில், தமிழ்மணம் போன்ற திரட்டிகளில் பெயரைப் பதிந்தால் வாசகரும் லிங்க்கும் சேர்ந்தே கிடைத்தன. இன்று அந்தத் துணை இல்லை. நாமே சென்று சொல்ல வேண்டியதுதான்.

இதற்காகவே 2005 ஜூன் மாதம் சைட்மேப் முறையைக் கூகுள் அறிமுகம் செய்தது. 2006 நவம்பரில் யாகூவும் மைக்ரோசாப்டும் இதே முறையை ஏற்றுக் கொண்டன. போட்டி நிறுவனங்கள் மூன்றும் ஒரே வடிவத்திற்கு ஒத்துக் கொண்டது அப்போது பெரிய செய்தி. இந்த பைலில் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியும், அது கடைசியாக மாற்றப்பட்ட தேதியும் இருக்கும். ஒரு பைலில் 50,000 முகவரிகள் வரை தரலாம். நமக்கு அந்தக் கவலை வேண்டியதில்லை.

உங்கள் பைலைப் பார்க்க ஆசையா? வலைப்பூ முகவரியின் கடைசியில் ஒரு சாய்வுக்கோடு போட்டு, சைட்மேப் டாட் எக்ஸ்.எம்.எல். என ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். முகவரிகள் வரிசையாகத் தெரியும். இதில் பதிவுகள் மட்டுமே இருக்கும். பொருளடக்கம் போன்ற பேஜுகளுக்கு, சைட்மேப் என்பதற்குப் பின் ஒரு சிறு கோடும் பேஜஸ் என்ற சொல்லும் சேர்த்த இன்னொரு பைல் உள்ளது.

இவற்றைக் கூகுளிடம் கொடுக்க, சர்ச் கன்சோல் என்ற இலவசச் சேவைக்குச் செல்ல வேண்டும். முன்பு வெப்மாஸ்டர் டூல்ஸ் என்று அழைக்கப்பட்டதுதான் 2015ல் இந்தப் பெயரைப் பெற்றது. வலைப்பூ தொடங்கிய அதே அக்கவுண்ட்டில் நுழையுங்கள். "ஆட் பிராபர்ட்டி" கிளிக் செய்தால் இரண்டு கட்டங்கள் தெரியும். "டொமைன்" என்பது சொந்தமாக டொமைன் பெயர் வாங்கியவர்களுக்கு. நமக்கு "யு.ஆர்.எல். பிரிபிக்ஸ்". அதில் எச்.டி.டி.பி.எஸ். என்பது உட்பட முழு முகவரியையும் ஒட்டுங்கள். அக்கவுண்ட் ஒன்றாக இருப்பதால், நீங்கள்தான் உரிமையாளர் என்பதைப் பொதுவாகக் கூகுள் தானே உறுதி செய்து கொள்ளும்.

பிறகு இடது பக்கத்தில் "சைட்மேப்ஸ்" கிளிக் செய்திடுங்கள். உங்கள் முகவரி ஏற்கனவே இருக்கும். பைலின் பெயரை மட்டும் டைப் செய்து "சப்மிட்" தட்டுங்கள். இரண்டாவது பைலையும் அதே போலக் கொடுங்கள். "சக்ஸஸ்" என்று பச்சை நிறத்தில் வந்தால் வேலை முடிந்தது. சில நேரம் பைலைப் பெற முடியவில்லை என்று சிவப்பில் வரும். பெயரில் எழுத்துப் பிழை இல்லை என்றால் ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

பழைய டிப்ஸ்களில், ஆட்டம் டாட் எக்ஸ்.எம்.எல். என்று தொடங்கி 500 என்ற எண்ணுடன் முடியும் நீண்ட வரி ஒன்றைக் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். பிளாக்கர் தானே சைட்மேப் தராத காலத்தில் செய்த ஏற்பாடு அது. இப்போது தேவையில்லை. அதே போல, புதிய பதிவு எழுதும் ஒவ்வொரு முறையும் கூகுளுக்கு "பிங்" செய்யுங்கள் என்பதும் காலாவதியான யோசனை. சைட்மேப் பிங் வசதியை நிறுத்துவதாக 2023ல் கூகுள் அறிவித்து, நிறுத்தியும் விட்டது. ஒருமுறை சைட்மேப் கொடுத்தால், கூகுள் அவ்வப்போது வந்து அதனைத் தானே படித்துக் கொள்ளும்.

மைக்ரோசாப்டின் பிங் தேடல் இன்ஜினுக்கும் கொடுக்க விரும்பினால், அதன் வெப்மாஸ்டர் டூல்ஸில், சர்ச் கன்சோலில் இருந்து அப்படியே இம்போர்ட் செய்து கொள்ளும் வசதி உள்ளது.

கொடுத்த பிறகு என்ன நடக்கும்?

மறுநாளே கூகுளின் முதல் பக்கத்தில் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சைட்மேப் என்பது கூகுளுக்குத் தரும் தகவல் மட்டுமே, கட்டளை அல்ல. சுமார் 500 பக்கங்களுக்குள் இருந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று நன்றாக லிங்க் செய்யப்பட்ட சிறிய தளங்களுக்கு சைட்மேப் தேவைப்படாமலும் போகலாம் என்று கூகுளே தன் விளக்கப் பக்கத்தில் கூறுகிறது. ஒன்றோடொன்று லிங்க் செய்வது என்பது நீங்கள் கையால் செய்த அந்தப் பொருளடக்கம்தான். வாசகருக்காகச் செய்தது கூகுள்பாட்டுக்கும் உதவுகிறது.

சர்ச் கன்சோலில் "பேஜஸ்" பகுதியில், சில பக்கங்கள் கண்டறியப்பட்டன, ஆனால் இன்டெக்ஸ் செய்யப்படவில்லை என்று இருக்கும். புதிய வலைப்பூக்களில் இது சாதாரணம். லேபிள் பக்கங்கள் ரோபோட்ஸ் பைலால் தடுக்கப்பட்டன என்றும் எச்சரிக்கை மெயில் வரலாம். அது பிழை அல்ல என்று மேலே பார்த்தோம். மிக முக்கியமான ஒரு பதிவு பல வாரமாகியும் வரவில்லை என்றால், மேலே உள்ள கட்டத்தில் அதன் முகவரியை ஒட்டி என்டர் தட்டி, "ரிக்வெஸ்ட் இன்டெக்ஸிங்" கிளிக் செய்திடுங்கள். தினமும் எல்லாப் பதிவுக்கும் இதைச் செய்வதில் பயன் இல்லை.

இனி நீங்கள் புதிய பதிவு வெளியிடும்போது எக்ஸ்.எம்.எல். பைல் தானாகப் புதுப்பிக்கப்படும். பொருளடக்கம் புதுப்பிக்கப்படாது. பதிவை வெளியிட்டவுடன் அந்தப் பக்கத்தைத் திறந்து ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தள்ளிப் போட்டால் பத்துப் பதிவு சேர்ந்துவிடும். ஒரு பதிவை நீக்கினால் அதன் வரியையும் நீக்குங்கள். செட்டிங்ஸில் "மேனேஜ் பிளாக்" என்ற பிரிவில் "பேக் அப் கன்டென்ட்" இருக்கிறது. மாதம் ஒருமுறை அதன் மூலம் வலைப்பூவின் நகலை எடுத்து ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள். படங்களை மட்டும் உங்கள் கம்ப்யூட்டரில் தனி போல்டரில் வைத்துக் கொள்ளுங்கள்.